அரிசி வாளியும் 12 நாள்களும்

2016 ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு வயது 34. ஆறடிக்கு மேல் உயரம். வலது முழங்கையின் உட்புறம் ஒரு நீளமான தழும்பு. அவர் பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்தெறிபவர். அடுத்த ஐந்து மாதங்களுக்கு எங்கள் வீட்டின் கீழ்த்தள அறையில் தங்கப்போகிறவர். அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர்தான், 17 ஆண்டுகள் வேலை பார்த்த நிறுவனம் என் பிரிவை மொத்தமாக மூடிவிட்டதால் நான் வேலையிழந்திருந்தேன். எனக்கு அப்போது வயது 46.

அமெரிக்காவில் கீழ்நிலை லீகுகளில் ஆடும் வீரர்களுக்கு உள்ளூர்க் குடும்பங்கள் அறை கொடுத்துத் தங்கவைப்பது நெடுநாளைய வழக்கம். வாடகை கிடையாது, பதிலுக்கு அணி நிர்வாகம் சீசன் முழுவதற்குமான டிக்கெட்டுகளைத் தரும். சிறுவர்களுக்கான லிட்டில் லீக் பேஸ்பாலில் ஆடிக்கொண்டிருந்த 12 வயது மகனின் ஆசைக்காக, என் வேலை போவதற்கு முன்பே நாங்கள் பெயர் கொடுத்திருந்தோம். வேலை போனபின், இந்த நிலையில் இது தேவையா என்று நான் தயங்கினேன். "வருகிறவருக்கும் நிலையான வேலை இல்லை, நமக்கும் இல்லை. ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும்" என்று என் மனைவி சொன்னாள். அந்த ஐந்து மாதங்களில் நான் கற்றுக்கொண்டவற்றை, நடுவயதைத் தாண்டியபின் தொழிலில் ஆட்டங்காணும் எவருக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அவருடைய விருப்பப்படி அவர் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

அவர் நின்றிருந்த இடத்தை முதலில் விளக்கவேண்டும். உச்ச நிலையான மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள் உண்டு. ஒவ்வோர் அணிக்கும் கீழே டிரிபிள்-ஏ, டபிள்-ஏ என்று படிப்படியாக இறங்கும் மைனர் லீக் அணிகள் இருக்கும். இந்த ஏணிக்கு முற்றிலும் வெளியே இயங்குபவை தனி லீகுகள். அவற்றில் ஒன்று 1998 முதல் நடக்கும் அட்லாண்டிக் லீக். எங்கள் விருந்தினர் சேர்ந்திருந்த எங்கள் ஊர் அணி அப்போது அதில்தான் ஆடியது. 2016-இல் அதில் 8 அணிகள், அணிக்கு 140 ஆட்டங்கள். மேஜர் லீகில் ஆடியவர்கள், ஆடும் வாய்ப்பை மயிரிழையில் தவறவிட்டவர்கள், காயத்திலிருந்து மீள்பவர்கள் என்று 30 வயதை ஒட்டியவர்களும் கடந்தவர்களும் அங்கே அதிகம். அவர்களுக்கு மாதச் சம்பளம் மிஞ்சிப்போனால் 3,000 டாலர், அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும். அதே ஆண்டு மேஜர் லீகில் ஒரு வீரருக்குத் தரப்பட்ட குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 5,07,500 டாலர். இரண்டு இடங்களிலும் பந்தின் எடை ஒன்றுதான், பிட்சர் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு உள்ள 60 அடி 6 அங்குலமும் ஒன்றுதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகவே இருக்கும்.

இப்படி அணி விட்டு அணி மாறிக்கொண்டே இருப்பவரை அமெரிக்கர்கள் 'ஜர்னிமேன்' என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் செய்பவர் என்றுதான் நான் பொருள் கொண்டிருந்தேன். ஆனால் அந்தச் சொல் 'ஒரு நாள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தொழிலைப் பழகி முடித்துவிட்டு, சொந்தப் பட்டறை இல்லாமல், நாள்கணக்கில் கூலிக்கு வேலை செய்யும் தேர்ந்த கைவினைஞரைக் குறித்தது. எங்கள் விருந்தினருக்கு இந்தப் பொருள் தெரிந்திருந்தது. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது.

நாள்கணக்கு என்பது அவர் வாழ்க்கையில் சொல்லளவில் நின்றுவிடவில்லை. மேஜர் லீக் வீரர்களின் ஓய்வூதியத் திட்டத்தில் ஒருவர் தகுதி பெறுவதற்கு அங்கே 43 நாள்கள் பணியாற்றியிருக்கவேண்டும். அவர் தமது 28-ஆம் வயதிலும் 30-ஆம் வயதிலும் இருமுறை மேலே அழைக்கப்பட்டு மொத்தம் 31 நாள்கள் இருந்திருக்கிறார். மீதி 12. கோப்பை, புகழ், தொலைக்காட்சி என்று எதையும் அவர் பேசவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் இரவு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அந்த 12 நாள்கள் கிடைத்தால் 62 வயதில் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் வரும் என்றும், கிடைக்காவிட்டால் ஒன்றும் வராது என்றும், அதற்காக இன்னும் எத்தனை சீசன்கள் குடும்பத்தைப் பிரிந்திருப்பது தகும் என்பதுதான் தாமும் தம் மனைவியும் போட்டுப் பார்க்கும் கணக்கு என்றும் சொன்னார். தளராத முயற்சியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். தொழிலின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஒருவர் இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டு அதை வீட்டில் பகிர்ந்துகொண்டதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அந்த ஆண்டு அட்லாண்டிக் லீகில் எந்த உடை மாற்றும் அறைக்குள் போனாலும் ரிச் ஹில்லின் பெயர் காதில் விழும் என்று அவர் சொல்லுவார். பேஸ்பால் அறியாதவர்களுக்காக அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ரிச் ஹில் 1980-இல் பாஸ்டனில் பிறந்த இடதுகைப் பிட்சர். 2005-இல் சிகாகோ கப்ஸ் அணியில் அறிமுகமாகி, 2007-இல் 195 இன்னிங்ஸ் எறிந்து 11 வெற்றிகள் பெற்றார் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் 3 பேரை அவுட் ஆக்கவேண்டும்). மறு ஆண்டே பந்து அவர் சொற்படி கேட்க மறுத்தது. பிறகு தோளில் அறுவைச் சிகிச்சை. 2011-இல் முழங்கைத் தசைநாரை மாற்றிப் பொருத்தும் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை. கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் எறிந்து பார்த்தார். ஓரிரு மட்டையாளர்களுக்கு மட்டும் எறியும் துணைப் பிட்சராக அணி அணியாக அலைந்தார். 2015 கோடையில் ஒரு டிரிபிள்-ஏ அணியிலிருந்தும் வெளியே வந்தபோது அவருக்கு வயது 35. அப்போது அட்லாண்டிக் லீகின் லாங் ஐலண்ட் டக்ஸ் அணிக்குப் போய், மீண்டும் தொடக்கப் பிட்சராக, அதாவது ஆட்டத்தின் முதல் பந்திலிருந்து எறிபவராக, இரண்டே ஆட்டங்களில் 11 இன்னிங்ஸ் எறிந்தார். 21 பேரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார், அதாவது ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 13 அன்று, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு மேஜர் லீகில் முதல்முறையாக ஆட்டத்தைத் தொடங்கி, 7 இன்னிங்ஸில் ஒரே ஒரு ஹிட் (பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது) மட்டும் விட்டுக்கொடுத்து 10 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். நான்கு ஆட்டங்கள்தாம் ஆடினார். அந்தக் குளிர்காலத்தில் ஓக்லண்ட் ஏ'ஸ் அணி அவரோடு ஓராண்டுக்கு 60 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது.

இதைக் கேட்டு நான் மெய்சிலிர்த்தேன். எங்கள் விருந்தினரோ இந்தக் கதையைச் சரியாகப் படிக்கவேண்டும் என்பார். நம்பிக்கையைக் கைவிடாததால் ஹில் வென்றார் என்று படிப்பவர்கள் அதிலிருந்து எதையும் பெறமுடியாது என்பது அவர் கருத்து. ஹில்லின் வேகப்பந்து மணிக்கு 90 மைலை ஒட்டித்தான் இருந்தது. இன்றைய அளவில் அது நடுத்தரத்துக்கும் கீழே. ஆனால் அவருடைய கர்வ் பால், அதாவது வளைந்து இறங்கும் பந்து, மிக அரிதான தரத்தில் சுழன்றது. ரெட் சாக்ஸ் அணியில் தரவு ஆய்வாளராக இருந்த முன்னாள் பிட்சர் பிரையன் பேனிஸ்டர் அதைக் காட்டி, அந்தப் பந்தை இன்னும் அதிகமாக, வேகத்தையும் வளைவையும் மாற்றி மாற்றி எறியும்படி ஊக்கப்படுத்தினார். வேகப்பந்தே முதன்மை, கர்வ் பால் துணை என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த விதியை விட்டுவிட்டு, எறிந்த பந்துகளில் ஏறத்தாழப் பாதியைக் கர்வ் பாலாகவே எறியத் தொடங்கினார் ஹில். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டு அவர் மீளவில்லை. இருபது ஆண்டுகளாகக் கையில் இருந்த ஒன்றை முன்னால் கொண்டுவந்தார், அவ்வளவுதான். எங்கள் விருந்தினரும் அதே வழியில், 94 மைலிலிருந்து 88 மைலுக்கு இறங்கிவிட்ட தமது வேகப்பந்தைப் பாதியாகக் குறைத்து, கடைசி நொடியில் சற்றே விலகும் கட்டர் பந்தையும் கர்வ் பாலையும் பிரதானமாக்கியிருந்தார். தம் வேகம் திரும்பாது என்பதை அவர் வருத்தமில்லாமல் சொல்வார். அதற்காகச் செலவிட்ட இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான் வருத்தப்படுவார்.

அன்று இரவே என் தன்விவரக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 46 வயதில் நானும் வேகத்தைத்தான் விற்றுக்கொண்டிருந்தேன். ஒருசில மாதப் பயிற்சியில் அரைகுறையாகக் கற்ற கிளவுட் தொழில்நுட்பங்களை முதல் பக்கத்தில் அடுக்கியிருந்தேன். 20 ஆண்டுகள் கோபால் (COBOL) என்ற பழைய கணினி மொழியிலும் மெயின்ஃபிரேம் என்ற பெருங்கணினிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்குகளைக் கட்டிக்காத்த அனுபவம், பழசு என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடந்தது. அதை மேலே கொண்டுவந்தேன். பழைய அமைப்புகளிலிருந்து புதியவற்றுக்கு மாறும் நிறுவனங்களுக்கு இரண்டு பக்கமும் புரிந்த ஆள் தேவை என்று எழுதினேன். அதுவரை ஏழு வாரங்களில் இரண்டே அழைப்புகள் வந்திருந்தன. அடுத்த மூன்று வாரங்களில் ஆறு வந்தன. தொழிலில் மூத்த நண்பர்கள் யோசனை கேட்கும்போது நான் சொல்லும் முதல் செய்தி இதுதான்: இளைஞர்கள் உங்களைவிட வேகமாகச் செய்யக்கூடியதை முதல் பக்கத்தில் போடாதீர்கள்.

அவருடைய அன்றாட ஒழுங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. வந்த மறுநாள் அவர் என் மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது ஒரு வாளி அரிசி. சமைப்பதற்கில்லை, முன்கையையும் விரல்களையும் வலுப்படுத்துவதற்கு. பிட்சர்கள் அரிசி நிறைந்த வாளிக்குள் மணிக்கட்டு மூழ்கும்வரை கையைப் புதைத்து, விரல்களை விரிப்பதும் மடக்குவதும், மணிக்கட்டை இருபுறமும் திருப்புவதுமாகப் பயிற்சி செய்வது வழக்கம். அப்போது ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. சோற்றுக்கான அரிசியில் கையை விட்டு அளைவதா என்று முகம் வாடினார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: வண்டு விழுந்து ஒதுக்கிவைத்திருந்த 20 பவுண்டு சோனா மசூரிப் பையை நீல நிற வாளியில் கொட்டி, இரண்டு வேப்பிலைக் கொத்துகளையும் காயவைத்துப் போட்டு, "இது உனக்கு மட்டும், தம்பி" என்று தமிழிலேயே சொல்லி அவர் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் 8:30 மணிக்குக் கீழ்த்தளத்திலிருந்து சரசரவென்று அந்த ஒலி கேட்கும். முதலில் வலதுகை ஐந்து நிமிடம், பிறகு இடதுகை. எறியாத கைக்கு எதற்கு என்று கேட்டதற்கு, உடம்பு ஒருபக்கமாகச் சாயக்கூடாது என்றார். பிறகு மாடிப்படிக் கைப்பிடியில் கட்டிய ரப்பர் பட்டைகளை இழுத்துத் தோளின் பின்புறத் தசைகளுக்குப் பயிற்சி. ஐந்து நாள்களுக்கு ஒருமுறை அவர் ஆட்டத்தைத் தொடங்குவார். இடைப்பட்ட நான்கு நாள்களில் எந்த நாளில் ஓட்டம், எந்த நாளில் தொலைவாக எறிவது, எந்த நாளில் 30 பந்துகள் மட்டும் எறிந்து பார்ப்பது என்பதையெல்லாம் எங்கள் சமையலறை நாள்காட்டியில் பென்சிலால் குறித்துவைத்திருந்தார். தோற்ற மறுநாளும் வென்ற மறுநாளும் அந்த ஒலி ஒரே நேரத்தில்தான் தொடங்கியது. வேலை தேடும் நாள்களில் மனம் போன போக்கில் எழுந்து, மின்னஞ்சலைப் பார்த்துப் பார்த்துப் பொழுதைப் போக்கிக்கொண்டிருந்த நான், நான்காவது வாரத்திலிருந்து அதே 8:30 மணிக்கு மேசையில் உட்காரத் தொடங்கினேன்.

நாள்காட்டியைத் தவிர ஒரு சிறு குறிப்பேடும் அவரிடம் இருந்தது. எறிந்த மறுநாள் காலையில் முழங்கையும் தோளும் எப்படி இருக்கின்றன என்பதை அதில் ஒரு வரியில் எழுதுவார். அசதி, வலி, குத்தல் என்று மூன்று வகையாகப் பிரித்திருந்தார். அசதி வேலை செய்ததன் அடையாளம். வலி இரண்டு நாள் கவனிக்கவேண்டியது. குத்தல் வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டியது. இதை அவர் பெரும் விலை கொடுத்துக் கற்றிருந்தார். 26 வயதில், இடம் போய்விடுமோ என்ற பயத்தில் குத்தலை ஆறு வாரங்கள் பயிற்சியாளரிடமிருந்து மறைத்து எறிந்ததில் முழங்கைத் தசைநார் கிழிந்தது. 1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்த அறுவைச் சிகிச்சையை இவருக்கும் செய்தார்கள். மீண்டு ஆட்டத்துக்கு வர 14 மாதங்கள். சிகிச்சைக்குப் பிறகு டாமி ஜான் 164 ஆட்டங்களை வென்று 46 வயதுவரை எறிந்தார் என்பது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. உடம்பின் குறையை மறைத்து ஓரிரு மாதச் சம்பளத்தைக் காப்பாற்றப் பார்ப்பவர்கள், கணினி முன்னால் உட்காரும் என் தொழிலிலும் உண்டு. மணிக்கட்டு மரத்துப்போவதையும் மூன்று மாதத் தூக்கமின்மையையும் நானும் யாரிடமும் சொல்லாமல் இருந்தவன்தான். அவருடைய குறிப்பேட்டைப் பார்த்தபிறகே மருத்துவரிடம் போனேன்.

ஜூலை இரண்டாம் வாரம், மதியம் 1 மணி இருக்கும். சாம்பார் சாதத்தைப் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருக்குத் தொலைபேசி வந்தது. ஒரு மேஜர் லீக் அமைப்பின் டிரிபிள்-ஏ அணியில் இரண்டு பிட்சர்களுக்குக் காயம்; மறுநாள் மாலை ஆட்டத்தைத் தொடங்க ஆள் வேண்டும். எங்கள் ஊர் அணி அவருடைய ஒப்பந்தத்தைச் சிறு தொகைக்கு விட்டுக்கொடுத்தது. அழைப்பு வந்ததிலிருந்து அவர் கார் கிளம்பியதுவரை 40 நிமிடங்கள். கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு பை தயாராக இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். இரண்டு கையுறைகள், ஆணி வைத்த காலணிகள் இரண்டு சோடி, கடவுச்சீட்டு, முழங்கை ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகடு, முந்தைய ஒப்பந்தங்களின் நகல்கள். கடவுச்சீட்டு எதற்கென்றால், மெக்சிகோ அல்லது தைவானிலிருந்து அழைப்பு வந்தாலும் அதே வேகத்தில் கிளம்பவேண்டும். அங்கெல்லாம் சீசன் நடுவில் வெளிநாட்டுப் பிட்சர் ஒருவர் காயப்பட்டால், முதலில் வந்து இறங்கக்கூடியவருக்கே வேலை. தகுதியில் தம்மைவிடச் சிறந்த இருவர், கடவுச்சீட்டைப் புதுப்பிக்காததால் தைவான் வாய்ப்பை இழந்த கதையை அவர் முன்பே சொல்லியிருந்தார்.

அன்று மாலையே நானும் ஒரு கோப்பைத் தயார் செய்தேன். குடியுரிமைச் சான்று, பட்டச் சான்றிதழ்கள், பழைய மேலாளர்கள் மூவரின் ஒப்புதல் பெற்ற தொடர்பு விவரங்கள், நான் செய்த மூன்று பணிகளைப் பற்றிய ஒரு பக்கச் சுருக்கங்கள். ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு அழைத்து வெள்ளிக்கிழமை காலையில் நேர்காணலுக்கு வரமுடியுமா என்று கேட்டபோது, முடியும் என்று தயங்காமல் சொன்னேன். ஆறு மாத ஒப்பந்த வேலை அது. நிரந்தர வேலையல்ல என்று ஏப்ரலில் இருந்த நான் மறுத்திருப்பேன்.

ஒப்பந்தத்தைப் பற்றி அவர் சொல்லிக்கொடுத்ததையும் சேர்க்கவேண்டும். கடைசிக் காலத்தில் இருக்கும் வீரர், சம்பளத் தொகையைவிட முக்கியமாகப் பேசிப் பெறவேண்டியது வெளியேறும் தேதி. குறிப்பிட்ட நாளுக்குள் மேஜர் லீக் அணியில் சேர்க்காவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமை அது. அந்த உரிமை இல்லாவிட்டால், அவசரத் தேவைக்கென்று கீழே நிறுத்திவைக்கப்பட்டு ஒரு சீசனே கரைந்துபோகும். இளம் வீரர்களுக்கு இதைக் கேட்கும் துணிவு இருக்காது. மூத்தவர்கள் இழப்பதற்கு ஒன்றுமில்லாததால் கேட்டுவிடலாம் என்பார். என் ஆறு மாத ஒப்பந்தத்தில், மூன்றாம் மாதம் முடிந்தபின் இரண்டு வார அறிவிப்பில் விலகலாம் என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னேன், மறுப்பில்லாமல் சேர்த்தார்கள். பணத்தைப் பற்றி அவர் பேசியது குறைவு, ஆனால் தெளிவு: வருமானத்தை ஆண்டுக்கணக்கில் பார்க்காமல், கையில் இருப்பது எத்தனை மாதத்துக்கு வரும் என்று மட்டுமே பார்ப்பார். நியூ ஜெர்சியில் வேலையிழப்பு உதவி அதிகபட்சம் 26 வாரங்களுக்குக் கிடைக்கும். பழைய நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டை 18 மாதங்கள் தொடரலாம், ஆனால் நிறுவனம் கட்டிவந்த பங்கையும் நாமே கட்டவேண்டும். இவற்றைப் போட்டுப் பார்த்தபோது எங்களுக்கு 11 மாதங்கள் இருந்தன. எண் தெரிந்த இரவில்தான், மார்ச் மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, நானும் என் மனைவியும் நிம்மதியாகத் தூங்கினோம்.

டிரிபிள்-ஏ அணியில் அவர் எட்டு ஆட்டங்களைத் தொடங்கினார். நன்றாகவே எறிந்தார். அப்போதைய விதிப்படி செப்டம்பர் 1 முதல் மேஜர் லீக் அணிகள் தங்கள் 25 பேர் பட்டியலை 40 பேர்வரை பெருக்கிக்கொள்ளலாம். அந்த மாதத்தில் மேலே போனால் 12 நாள்கள் தாமாகவே கைக்கு வந்துவிடும். ஆகஸ்ட் மாதக் கடைசியில் அந்த அமைப்பு அவரை விடுவித்தது. இடம் ஓர் இளைஞருக்குத் தேவைப்பட்டது என்று ஒரு நிமிட உரையாடலில் சொல்லி முடித்துவிட்டார்களாம். எங்கள் ஊர் அணி அவரை மறுபடி சேர்த்துக்கொண்டது. இரவு 11 மணிக்கு அவர் வீட்டுக்குள் வந்தபோது என் அம்மா தூங்காமல் காத்திருந்தார். தயிர்சாதத்தையும் மாவடுவையும் எடுத்துவைத்து, "சாப்பிடுப்பா" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசாமல் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிவைத்துவிட்டுக் கீழே போனார். காலை 8:30 மணிக்கு அரிசி ஒலித்தது.

செப்டம்பர் 10 அன்று ஆட்டம் முடிந்து வந்தவர், நள்ளிரவில் கணினியில் ரிச் ஹில்லின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஹில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்கு மாற்றப்பட்டிருந்தார். அன்று மியாமியில் 7 இன்னிங்ஸ், 21 மட்டையாளர்கள், ஒருவர்கூட முதல் தளத்தை எட்டவில்லை. இன்னும் இரண்டு இன்னிங்ஸ் அப்படியே எறிந்திருந்தால் பேஸ்பாலின் மிக அரிய சாதனையான முழுமை ஆட்டம். 89 பந்துகளோடு மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் அவரை வெளியே எடுத்துவிட்டார். ஹில்லின் விரலில் கொப்புளம் ஏற்பட்டு அதற்கு முன் பல வாரங்கள் ஆடமுடியாமல் போயிருந்தது. என் மகன் கோபப்பட்டான். எங்கள் விருந்தினர் திரையில் ஹில்லின் இடதுகை நடுவிரல் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்தி, தம் விரலை அதே மாதிரிப் பந்தின் தையல்மீது வைத்துக் காட்டினார். 108 தையல்களில் ஒன்றின்மீது அந்த விரலின் ஒரு சிறு தோல்பகுதி ஆயிரக்கணக்கான முறை உரசித்தான் அந்தக் கர்வ் பால் வளைகிறது என்றும், அந்தத் தோல் கிழிந்தால் அக்டோபரில் நடக்கும் கோப்பைக்கான ஆட்டங்களில் ஹில் இல்லை என்றும் மகனுக்கு விளக்கினார். அந்த டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணி ஹில்லோடு மூன்று ஆண்டுகளுக்கு 4.8 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது.

சீசன் முடிந்து கிளம்புவதற்கு முந்தின இரவு, அவர் பணப்பையிலிருந்து மடித்துவைத்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எப்போது நிறுத்துவது என்பதை அவரும் மனைவியும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருந்தார்கள். கையிருப்பு நான்கு மாதச் செலவுக்குக் கீழே போனால் நிறுத்துவது. இன்னோர் அறுவைச் சிகிச்சை தேவை என்றால் செய்துகொள்ளாமல் நிறுத்துவது. மகள் முதல் வகுப்பில் சேரும் 2018 செப்டம்பருக்குமேல் எந்த நிலையிலும் தொடர்வதில்லை. விடுவிக்கப்பட்ட இரவிலும் நல்ல ஆட்டத்துக்குப் பிறகும் எடுக்கும் முடிவு சரியாக இருக்காது என்பதால், மனம் அமைதியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து எழுதியதாகச் சொன்னார். இருவரும் கையொப்பம் இட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தாள் 2017 முதல் இருக்கிறது.

2017-இல் மெக்சிகோவில் ஆடினார். குளிர்காலத்தில் ஊரில் பள்ளிச் சிறுவர்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு எறியக் கற்றுக்கொடுத்தார். 2018 கோடையில் வேறொரு தனி லீகில் எறிந்துவிட்டு, தாளில் எழுதியபடியே செப்டம்பரில் நிறுத்திக்கொண்டார். அந்த 12 நாள்கள் அவருக்குக் கிடைக்கவேயில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும்.

கிடைத்தது வேறு. எங்கள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில், அதே அணியின் 23 வயதுப் பிட்சர் ஒருவர் அடிக்கடி வருவார். இவருடைய இடத்துக்கு நேரடிப் போட்டியாளர். அவருக்கு இவர் சாப்பாட்டு மேசையில் கட்டர் பந்தைப் பிடிக்கும் விதத்தை, நடுவிரலை எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதுவரை, பல மாலைகள் சொல்லிக்கொடுத்தார். உங்கள் இடம் போய்விடாதா என்று நான் கேட்டேன். விளக்கிச் சொல்லும்போதுதான் தாம் செய்வது தமக்கே தெளிவாகிறது என்றும், எப்படியும் இந்தக் கையால் இன்னும் இரண்டு ஆண்டுகள்தாம் சம்பாதிக்கமுடியும், வாயால் அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் சம்பாதிக்கவேண்டும் என்றும் சொன்னார். 2019-இல் ஒரு கல்லூரி அணி அவரைப் பிட்சிங் பயிற்சியாளராக எடுத்தபோது, அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர்களில் அந்த இளைஞரும் ஒருவர்.

2025 ஜூலை 22 அன்று, 45 வயதான ரிச் ஹில், கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணிக்காக, 20 ஆண்டுகளுக்கு முன் தாம் மேஜர் லீக் வாழ்க்கையைத் தொடங்கிய கப்ஸ் அணியின் மைதானத்திலேயே 5 இன்னிங்ஸ் எறிந்தார். அது அவருக்கு 14-ஆவது மேஜர் லீக் அணி. அதிக அணிகளுக்கு ஆடிய எட்வின் ஜாக்சனின் சாதனைக்கு ஈடானது. அடுத்த ஆட்டத்தோடு ராயல்ஸ் அவரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 22-ஆம் தேதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் பழைய விருந்தினர் தொலைபேசியில் அழைத்தார். ஹில்லின் கர்வ் பாலைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, தம் மாணவர்களுக்கு அரிசி வாளிப் பயிற்சி கொடுப்பதாகவும், அங்கே கடைகளில் கிடைக்கும் நீள அரிசி சீக்கிரம் உடைந்து மாவாகிவிடுவதாகவும் சொல்லி, அம்மா கொடுத்தது என்ன அரிசி என்று கேட்டார். சோனா மசூரி என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மறுநாள் இந்தியக் கடையில் இரண்டு 20 பவுண்டுப் பைகளை வாங்கி அனுப்பிவைத்தேன். இரண்டிலும் காய்ந்த வேப்பிலைக் கொத்து ஒன்றைச் சேர்த்துக் கட்டச் சொல்லி ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் நினைவூட்டினார்.